பாய்மரப் படகில் தொடுதிரை வரைபடம்: விரல் வேலையைக் கரையிலேயே முடிப்பது எப்படி

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாகக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தொண்டிக் கடற்கரையில் நிற்கலாம். ஆனாலும் செட்டிநாட்டில் இருந்துகொண்டு பாய்மரப் படகு வைத்திருக்கிறேன் என்றால் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள், கொழும்புக்கும் ரங்கூனுக்கும் கப்பலேறிப் போய்ச் சம்பாதித்த காசில்தான் இங்கே இத்தனை பெரிய வீடுகள் எழும்பின என்பது தெரிந்தவர்களே அப்படிப் பார்க்கிறார்கள். சரி, அது இருக்கட்டும். புதிதாகப் படகு வாங்குகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: கடல் வரைபடம் பார்க்க எந்த டேப்லெட் வாங்கலாம்? நான் திருப்பிக் கேட்பது, கடலுக்குள் போன பிறகு அதை எத்தனை தடவை தொடப் போகிறீர்கள் என்று. கை காய்ந்திருந்து, ஆளும் நிதானமாக உட்கார்ந்திருந்தால் தொடுதிரை அருமையான சாதனம். படகு ஒரு பக்கம் சாய்ந்து, முகத்தில் தண்ணீர் அடித்து, ஒரு கை சுக்கானிலும் இன்னொரு கை பாய்க்கயிற்றிலும் இருக்கும்போது அது உங்கள் பேச்சைக் கேட்காது. அதனால் விரல் வேலை முழுவதையும் வீட்டிலேயே முடித்துவிட்டு, கடலில் திரையைப் பார்த்தால் மட்டும் போதும் என்கிற மாதிரி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கீழே இருப்பதெல்லாம் அந்த ஏற்பாட்டுக்குத்தான்.

தண்ணீர் பட்டால் என்ன ஆகிறது

போன், டேப்லெட் எல்லாவற்றிலும் இன்று இருப்பது கெபாசிட்டிவ் திரை. விரல் பட்ட இடத்தில் மின்புலம் கொஞ்சம் மாறும், அதை வைத்து எங்கே தொட்டீர்கள் என்று கண்டுபிடிக்கும். பிரச்சினை என்னவென்றால் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், உப்புத் தண்ணீர் இன்னும் நன்றாகவே கடத்தும். நாலு துளி விழுந்தால் நாலு விரல் வைத்ததாகத் திரை நினைத்துக்கொண்டு, வரைபடத்தைத் தானே நகர்த்தும், பெரிதாக்கும், ஏதாவது ஒரு மெனுவைத் திறந்து வைக்கும். ரெசிஸ்டிவ் திரை என்ற பழைய வகை இரண்டு அடுக்குகளை அழுத்திச் சேர்த்து வேலை செய்வதால் அதற்குத் தண்ணீரும் கையுறையும் பொருட்டில்லை, ஆனால் தெளிவு குறைவு, இரண்டு விரலால் பெரிதாக்கும் வசதியும் பெரும்பாலும் கிடையாது, கடையில் கிடைப்பதும் அபூர்வம். படகுக்கென்றே விற்கும் திரைகளில் சிலவற்றில் தொடுதிரையோடு கூட நிஜமான பொத்தான்களும் திருகும் குமிழும் இருக்கும். விலை கண்ணைக் கட்டும், ஆனால் பாய்மரப் படகுக்கு வாங்குவதாக இருந்தால் அந்த வகையைத்தான் நான் சொல்வேன்.

பொத்தான்களை நான் ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், பெரிய கப்பல்காரர்களே பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது. 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் நீரிணைக்குப் பக்கத்தில் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதியதில் 10 மாலுமிகள் இறந்துபோனார்கள். சுக்கானும் எஞ்சின் வேகமும் தொடுதிரையில் இருந்தன, எந்தக் கட்டுப்பாடு எந்த மேசைக்கு மாறியிருக்கிறது என்று நின்றவர்களுக்குப் புரியவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. 2019இல் அமெரிக்கக் கடற்படை எஞ்சின் வேகத்துக்குக் கையால் தள்ளும் நெம்புகோலையே திரும்பப் பொருத்துவதென்று முடிவு செய்தது. நம் படகில் தொடுதிரை வரைபடம் மட்டும்தான் காட்டுகிறது, அந்த அளவுக்கு ஆபத்தில்லை. ஆனாலும் அவசரத்தில் விரல் தடுமாறுவது எல்லாருக்கும் ஒன்றுதான்.

வாங்கும்போது

சிங்கப்பூரிலிருந்து மச்சான் வருகிறார், ஐபேட் வாங்கி வரச் சொல்லலாம் என்றால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்: சிம் போடும் வசதி உள்ள மாடலாக இருக்க வேண்டும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது, கரையில் வைஃபை வைத்து இடம் காட்டும், கடலுக்குள் போனதும் திருதிருவென்று முழிக்கும். சிம் போட வேண்டிய அவசியமில்லை, அந்த மாடலாக இருந்தால் போதும். அதே மச்சான், கடலிலிருந்து சாட்டிலைட்டில் செய்தி அனுப்பும் கருவியும் மலிவாகக் கிடைக்கிறது, சேர்த்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இந்தியாவில் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் மாதிரியான கருவிகளை வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே வம்பாகிவிடும்.

ஆண்ட்ராய்டு பக்கம் சாம்சங் கேலக்ஸி டேப் ஆக்டிவ் வரிசை இந்த வேலைக்குப் பொருந்தும். தண்ணீர், தூசி தாங்கும் ஐபி68 தரம், கையுறையோடு தொடும் வசதி, கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி, கூடவே ஒரு பேனா. அந்தப் பேனா பெரிய உதவி, ஈர விரலைவிட நூறு மடங்கு துல்லியமாகக் குத்தும், ஆனால் ஒரு நூல் போட்டுக் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே கடலுக்குக் காணிக்கை.

வெளிச்சம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திரையின் பிரகாசத்தை நிட் என்ற அளவில் சொல்வார்கள். சாதாரண டேப்லெட் 400 முதல் 600 வரை, படகுத் திரைகள் 1000க்கு மேல். அப்புறம் போலராய்டு கூலிங் கிளாஸ் போடும் பழக்கம் இருந்தால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கடையில் டேப்லெட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் ஒரு வாக்கில் திரை முழுக் கறுப்பாகிவிடும்.

வீட்டு முற்றத்தில் சோதனை

நம் ஊர் வீடுகளில் நடுவில் திறந்த முற்றம் இருப்பது இதற்கென்றே அமைந்த மாதிரி. சித்திரை மாதத்து உச்சி வெயிலில் டேப்லெட்டை முற்றத்தில் வைத்து, வரைபடத்தைத் திறந்து, பிரகாசத்தை முழுக்க ஏற்றி, சார்ஜரையும் மாட்டி விடுங்கள். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைதான், காரைக்குடியில் அது காலை பத்து மணி வெப்பம். கொஞ்ச நேரத்தில் திரை தானாக மங்கும், இன்னும் கொஞ்ச நேரத்தில் சூடாகிவிட்டேன் என்று அறிவித்துவிட்டு நின்றே போகும். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அதையே நிழலில், சார்ஜர் இல்லாமல், காற்றுப்படும் இடத்தில் வைத்துத் திரும்பப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்ததும், படகில் அதை எங்கே பொருத்தக் கூடாது என்பது உங்களுக்கே விளங்கிவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வெயிலில் வைப்பது அடுப்பில் வைத்த மாதிரி.

அடுத்தது தண்ணீர். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்து, தண்ணீர் தாங்கும் கருவியாக இருந்தால் நேரடியாகவும், இல்லையென்றால் உறைக்குள் போட்டும், திரைமேல் தெளியுங்கள். வரைபடம் எப்படி ஆடுகிறது, எந்தப் பொத்தான் தானாக அமுங்குகிறது என்று பாருங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய கை, சன் ஸ்கிரீன் தடவிய கை, வியர்த்த கை எல்லாவற்றையும் சோதிக்கலாம். வீட்டில் யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

மென்பொருளைக் கைக்கு ஏற்ற மாதிரி அமைப்பது

நேவியானிக்ஸ் மாதிரியான கடல் வரைபட ஆப்பில் மாற்றுவதற்கு அதிகம் இல்லை, அதுவே அதன் நல்ல குணம். நான் விரிவாகச் சொல்லப்போவது ஓப்பன் சிபிஎன் என்ற வரைபட மென்பொருள் பற்றி, ஏனென்றால் விண்டோஸ், லினக்ஸ், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி எல்லாவற்றிலும் இலவசமாக ஓடும், ஆண்ட்ராய்டிலும் உண்டு, நினைத்த மாதிரி மாற்றிக்கொள்ளவும் விடும். வரைபடம் மட்டும் தனியாக வாங்க வேண்டும். இந்தியக் கடலுக்கு அதிகாரபூர்வமாக வரைபடம் தயாரிப்பது டேராடூனில் இருக்கும் தேசிய நீரியல் அலுவலகம். பாக் விரிகுடாவுக்கு எந்த அளவில் வரைபடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கணினித் திரையில் ஓட்டுகிறீர்கள் என்றால் அமைப்புகளில் பயனர் இடைமுகம் என்ற பகுதிக்குப் போய்த் தொடுதிரை இடைமுகத்தை இயக்குங்கள். பட்டன்களைப் பெரிதாக்கும் அளவுகோலும் அங்கேயே இருக்கும், சங்கோஜப்படாமல் பெரிதாக்குங்கள். அப்புறம் கருவிப்பட்டையில் கடலில் தேவைப்படாத பட்டன்களை எடுத்துவிடுங்கள். பெரிதாக்கு, சிறிதாக்கு, படகைப் பின்தொடர், ஆள் விழுந்த இடத்தைக் குறி, இவ்வளவு போதும். அமைப்புகளைத் திறக்கும் பட்டனை மட்டும் எடுக்க முடியாது.

பாதை போடும்போது நாம் குறித்து வைக்கும் வழிப்புள்ளிகளைப் பூட்டுவது மிக முக்கியம். விரலால் வரைபடத்தை நகர்த்தப் போய், விரலுக்கு அடியில் இருந்த வழிப்புள்ளியையே இழுத்துக்கொண்டு போய்விடுவது தொடுதிரையில் சர்வசாதாரணம், அதுவும் நடந்தது தெரியாமலே நடக்கும். கோடு இருக்கிறது, படகும் கோட்டின் மேலேயே போகிறது, ஆனால் கோடு மணல்திட்டின் மேல் போகிறது! புள்ளிகள் இழுபடாமல் பூட்டும் தேர்வு அமைப்புகளில் இருக்கிறது, கிளம்புவதற்கு முன் அது இயங்குகிறதா என்று ஒரு புள்ளியை வேண்டுமென்றே இழுத்துப் பாருங்கள்.

ஆழ நிறங்களை நம் கடலுக்குத் தகுந்த மாதிரி மாற்ற வேண்டும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான். மென்பொருள் வந்த அமைப்பிலேயே விட்டால் பெரும்பாலான இடம் ஒரே நீலமாகக் கிடக்கும், எது ஆபத்து எது பரவாயில்லை என்று ஒரு பார்வையில் தெரியாது, தெரியாததால் விரல் திரும்பத் திரும்பத் திரைக்குப் போகும். உங்கள் படகு தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அதோடு அலைக்கும் பிழைக்கும் கொஞ்சம் சேர்த்துப் பாதுகாப்பு ஆழத்தை வையுங்கள். ஒரு மீட்டர் 20 சென்டிமீட்டர் இறங்கும் படகு என்றால் 3 மீட்டர் என்று வைக்கலாம். மின்வரைபடத்தில் ஆழக்கோடுகள் 2, 5, 10 என்று குறிப்பிட்ட அளவுகளில்தான் இருக்கும், நீங்கள் 3 என்று சொன்னால் அடுத்த ஆழமான கோடான 5ஐத்தான் எல்லையாக எடுத்துக்கொள்ளும், அது தெரிந்திருந்தால் குழப்பம் வராது. அளவு மீட்டரா, அடியா என்பதையும் சரிபாருங்கள். கூட வரும் மீனவ நண்பர் பாகம் கணக்கில்தான் பேசுவார், ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி. அவர் ரெண்டு பாகம் என்பதும் திரை 2 என்று காட்டுவதும் ஒன்றல்ல.

இலங்கையோடு 1974இலும் 1976இலும் ஒப்பந்தம் போட்டு வகுத்த கடல் எல்லை வரைபடத்தில் கோடாக இருக்கும், ஆனால் சிறிதாக்கிப் பார்க்கும்போது மற்ற கோடுகளோடு கலந்துவிடும். அந்தக் கோட்டுக்குத் தாராளமாக இடம் விட்டு இந்தப் பக்கம் நீங்களே ஒரு தடித்த சிவப்புக் கோடு வரைந்துவிடுங்கள். ஓப்பன் சிபிஎன்னில் வரைவதற்கு ஒரு கூடுதல் செருகல் (ப்ளகின்), அதைத் தொட்டால் மணி அடிப்பதற்கு வாட்ச்டாக் என்று இன்னொரு செருகல் உண்டு. மணி அடிக்கிறதா என்று வீட்டிலேயே சோதியுங்கள். கிளம்பும் முன் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்குத் தகவல் சொல்வது தனி விஷயம், அதை எந்த மென்பொருளும் செய்யாது.

பெரிதாக்கிப் பார்ப்பதையும் வீட்டிலேயே முடியுங்கள்

2014 நவம்பர் 29 இரவு, உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸ் போட்டியில் இருந்த டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, மொரீஷியஸுக்கு வடக்கே உள்ள கார்கடோஸ் காராஜோஸ் பவளத்திட்டில் ஏறி நின்றுவிட்டது. ஒன்பது பேரும் பிழைத்தார்கள். உலகத் தரமான மாலுமிகள், நல்ல கருவிகள், வரைபடத்திலும் திட்டு இருந்தது. ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த சிறிய அளவில் திட்டு திட்டாகத் தெரியவில்லை, தேவையான அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. மின்வரைபடம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது, சிறிதாக்கும்போது கூட்டமாகிவிடாமல் இருக்கச் சில விவரங்களைத் தானே மறைத்துவிடும்.

தொடுதிரையில் இந்த ஆபத்து கூடுதல். இரண்டு விரலைக் கிள்ளினால் போதும், எந்த அளவில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அதனால் பாதை போட்ட பிறகு, வீட்டில் ஊஞ்சலில் சாவகாசமாக உட்கார்ந்து, முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை முழுப் பாதையையும் பெரிய அளவில் விரலால் நகர்த்திக்கொண்டே பாருங்கள். இருபக்கமும் கொஞ்ச தூரம் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் பாய்மரப் படகு நேர்கோட்டில் போகாது, தெற்கத்திக் காற்றான சோழகம் எதிரே நின்றால் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். சந்தேகமான இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் மெனுவில் அந்தப் பொருளின் விவரம் கேட்கலாம், அந்தப் பகுதியின் அளவாய்வு எவ்வளவு நம்பகமானது என்ற தரமும் அதில் இருக்கும். ஒரு எல்லைக்கு மேல் பெரிதாக்கினால் மென்பொருள் எச்சரிக்கும். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக்கினாலும் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை, பழைய அளவையே ஊதிக் காட்டும். மணல்திட்டுகள் இடம் மாறும் நம் கடலில் அந்தத் துல்லியத்தை நம்பி நெருங்கிப் போகாதீர்கள்.

படகில் பொருத்துவது

அறை வாசலுக்கு மேலிருக்கும் மறைப்புக்கு அடியில், சுக்கான் பிடிப்பவர் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கலாம். நிழலும் கிடைக்கும், தெறிக்கும் தண்ணீரும் குறையும். பந்து மூட்டு உள்ள உறுதியான தாங்கியில் மாட்டி, தனியாக ஒரு கயிற்றாலும் கட்டுங்கள். காந்தம் உள்ள உறையையும் ஸ்பீக்கர் உள்ள டேப்லெட்டையும் காந்தத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. பொருத்தியதும் டேப்லெட்டை வைத்தும் எடுத்தும் முள் அசைகிறதா என்று பாருங்கள். மலிவான 12 வோல்ட் யுஎஸ்பி சார்ஜர், மற்ற கப்பல்களோடும் கரையோடும் பேசும் விஎச்எஃப் ரேடியோவில் இரைச்சலை ஏற்படுத்தலாம், ரேடியோவைப் போட்டுக்கொண்டு சார்ஜரைச் செருகினால் காதிலேயே கேட்டுவிடும்.

திரையைச் சுற்றி விளிம்பு அகலமாக இருப்பது நல்லது. படகு ஆடும்போது நீட்டிய ஒற்றை விரல் குறி தப்பும். நாலு விரலால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கட்டை விரலால் தொடுங்கள், கை படகோடு சேர்ந்தே ஆடுவதால் குறி தப்பாது. இதனால்தான் முக்கியமான பட்டன்கள் திரையின் ஓரத்தில், கட்டை விரல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இதைவிட நல்ல யோசனை, ப்ளூடூத் விசைப்பலகை ஒன்றை மலிவாக வாங்கி, மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைப்பது. ஓப்பன் சிபிஎன் கணினியில் ஓடினால் கூட்டல், கழித்தல் விசைகள் பெரிதாக்கும் சிறிதாக்கும், எஃப்2 அழுத்தினால் வரைபடம் படகைப் பின்தொடரும், கண்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆள் விழுந்த இடத்தைக் குறித்துவிடும். கடைசியாகச் சொன்னதற்காகவே விசைப்பலகை வாங்கலாம். ஆள் தண்ணீரில் விழுந்திருக்கும்போது ஈரத் திரையில் பட்டன் தேட முடியாது.

கடலுக்குள்

கிளம்பியதும் பின்தொடரும் வசதியை இயக்கிவிட்டுத் தொடுதலைப் பூட்டுங்கள். ஐபேடில் வழிகாட்டப்பட்ட அணுகல் என்ற வசதியில் தொடுதலையே நிறுத்தி வைக்கலாம், மேல் பொத்தானை (ஹோம் பொத்தான் உள்ள மாடல் என்றால் அதை) மூன்று தடவை அழுத்தி அதிலிருந்து வெளியேறினால் திரும்ப வரும். ஆண்ட்ராய்டில் ஆப்பைப் பின் செய்து வைத்தால் வேறு ஆப்புக்குப் போகாமல் இருக்கும், ஆனால் தொடுதல் நிற்காது, அதற்குத் தனியாகத் தொடுதல் பூட்டும் ஆப் போட வேண்டும்.

திரையைத் தொடும் உரிமை ஒரு ஆளுக்கு மட்டும். சுக்கான் பிடிப்பவர் கேட்பார், திரைக்காரர் சொல்வார். “மாப்ளே, கோட்டுல இருந்து எவ்வளவு தள்ளியிருக்கோம்?” “அண்ணே, வலப்பக்கம் நூறு மீட்டர், ஆழம் ஆறு.” இவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தொட்டால் யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாமல் போகும், கூடவே கடலைப் பார்க்க ஆளிருக்காது. நம் பக்கம் வலைகளும், விளக்கில்லாத வத்தைகளும் வள்ளங்களும் எந்தத் திரையிலும் தெரியாது, தன் இடத்தை ரேடியோவில் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி வைத்திருக்கும் பெரிய கப்பல்கள் மட்டும்தான் தெரியும்.

திரை நனைந்துவிட்டால் தொடுவதற்கு முன் துடையுங்கள், அதற்கென்று காய்ந்த துணி ஒன்று சட்டைக்குள் இருக்கட்டும், வெளியே இருக்கும் துணி பத்து நிமிடத்தில் உப்பாகிவிடும். இரவில் பிரகாசத்தைக் குறைத்து இரவு நிறத்துக்கு மாற்றுவதை இருட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், இருட்டில் பளிச்சென்ற திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம், திசை, வேகம் மூன்றையும் பென்சிலால் நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது போனில் அதே வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி, அணைத்து, தண்ணீர் புகாத பையில் போட்டு வையுங்கள். காகித வரைபடமும் கூட இருக்கட்டும், ஆனால் பழைய காகித வரைபடம் என்றால் அது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற இடக்கணக்கில் இருக்கிறதா என்று ஓரத்துக் குறிப்பைப் படியுங்கள். இல்லையென்றால் ஜிபிஎஸ் சொல்லும் இடத்தை அப்படியே அதில் குறித்தால் இடம் தள்ளிப்போகும்.

கரைக்கு வந்ததும்

நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் திரையை ஒற்றி உப்பைக் கரைத்த பிறகுதான் துடைக்க வேண்டும், நேரடியாகத் தேய்த்தால் உப்புப் பரல்கள் கீறிவிடும். சார்ஜ் போடும் துளையில் ஈரம் இருந்தால் அன்றைக்கு சார்ஜ் போடாதீர்கள், கீழ்நோக்கிச் சாய்த்து ராத்திரி முழுக்கக் காயவிட்டு மறுநாள் போடுங்கள். கடலில் போன தடத்தைச் சேமித்து, ஒலியால் ஆழம் அளக்கும் எதிரொலிமானி காட்டிய ஆழத்தோடு ஒத்துவராத இடங்கள் இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை பாதை போடும்போது முதலில் திறக்க வேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.